சித்தப்பாவின் கணக்கில் காசு இருந்தால் போதுமா?

கேள்வி: மகனுக்கு இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 16,000 பவுண்ஸ் கட்டணத்தில் 5,000 கட்டிவிட்டோம். மீதிக் காசு லண்டனில் இருக்கும் அவனுடைய சித்தப்பாவின் கணக்கில் இருக்கிறது, கடிதம் தருவார். எங்களிடம் காணி உறுதியும் உண்டு. விசாவுக்கு இது போதுமா?
– தாய் ஒருவர், சாவகச்சேரி

பதில்: போதாது. குடும்பக் காசைக் காட்டுவதானால் அது மகனின் பெயரிலோ, தாய் தகப்பனின் பெயரிலோ உள்ள கணக்கில் இருக்க வேண்டும். சித்தப்பா, மாமா, கூடப்பிறந்த அண்ணன் என்று யார் கடிதம் தந்தாலும் அவர்களின் கணக்கை ஏற்கமாட்டார்கள். காணி உறுதி, நகை, சேமலாப நிதி எதுவும் கணக்கில் வராது. சித்தப்பா அந்தக் காசை இப்போதே உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும்.

எவ்வளவு என்று பார்ப்போம். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண்ஸ் காட்ட வேண்டும். லண்டன் என்றால் 1,529. ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும். ஆகவே மகனுக்கு 10,539. கட்டாமல் மீதமுள்ள 11,000 கட்டணத்தையும் சேர்த்தால் 21,539 பவுண்ஸ். கட்டிய 5,000, மகனுக்கு இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் காஸ் (CAS) பத்திரத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் பிழை விடுவது 28 நாள் விதியில். முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். இடையில் ஒரு நாள், வங்கிக் கட்டணம் கழிபட்டோ, கரண்ட் பில்லுக்கு எடுத்தோ தொகை குறைந்துவிட்டால், நாட்களைத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். வங்கிக் கூற்றின் கடைசித் திகதிக்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. ரூபாய்க் கணக்கென்றால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் பவுண்ஸாக்கிப் பார்ப்பார்கள். அந்த ஒரு மாதத்தில் ரூபாய் இறங்கினால் சரியாகப் போட்ட தொகை குறைந்துவிடும். பத்து வீதமாவது கூடப் போடுங்கள். நிலையான வைப்பென்றால், எந்நேரமும் எடுக்கலாம் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் கணக்கைக் காட்டுவதால் மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், காசைப் பாவிக்கச் சம்மதம் என்ற உங்கள் கடிதமும் தேவை. பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி, பெயர், கையொப்பம், தொடர்பு விபரம், திகதி எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான்: பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் முழுப்பெயர், வங்கியில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து இணையுங்கள்.

சித்தப்பா அனுப்பிய காசுக்கு அவருடைய கடிதத்தையும் வங்கிப் பற்றுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். நேர்காணலில் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒரு மாதத்துக்கு வட்டிக்கு வாங்கிப் போட்டுவிட்டு எடுத்துக்கொடுப்பதும், கூற்றைத் 'தயாரித்துத் தருகிறோம்' என்பவர்களை நம்புவதும் வேண்டாம். பொய்ப் பத்திரம் கொடுத்தது தெரியவந்தால் 10 வருடத் தடை விழலாம். பிள்ளையின் வாழ்க்கையே அடிபட்டுப்போகும்.

இதற்கு வெளியே விசாக் கட்டணம், அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்காக விசாவோடு கட்டும் மருத்துவ வரி. ஒரு வருடப் படிப்புக்கு விசா ஒரு வருடத்தைத் தாண்டியே கிடைப்பதால் மருத்துவ வரி ஒரு வருடத்துக்கான 776 அல்ல, 1,164 பவுண்ஸ் வரும். காசநோய்ப் பரிசோதனையையும் கடைசிக்கு விடாதீர்கள். சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளி வளர்ப்புப் பரிசோதனைக்குப் போனால் முடிவு வர எட்டு வாரம் ஆகலாம்.

கேள்வி: அங்கே போய் வேலை செய்தே மீதிக் கட்டணத்தைக் கட்டலாம் என்கிறார்களே?
– மாணவர் ஒருவர், கோண்டாவில்

பதில்: அந்தக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். முதுகலையில் கோடைகாலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுவதும் படிப்புக் காலமே, அப்போதும் 20தான். சுயதொழில் செய்ய முடியாது. மற்றவரின் செயலிக் கணக்கைப் பாவித்துச் சாப்பாடு விநியோகிப்பதும் அதற்குள் அடங்கும். பிடிபட்டால் விசா ரத்து. 20 மணித்தியாலச் சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கைகொடுக்கும், கட்டணத்துக்குக் காணாது.

கேள்வி: ஜேர்மனிக்கும் இதே 28 நாள் விதிதானா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: இல்லை. அங்கே மாணவரின் பெயரில் முடக்கக் கணக்குத் திறந்து வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும். போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். ஜேர்மனியில் வசிக்கும் உறவினர், தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவைப் பொறுப்பேற்கும் உறுதிப்பத்திரம் முடித்துத் தந்தாலும் அதைக் காட்டலாம். அவருடைய வருமானத்தை அங்கேயே சரிபார்ப்பார்கள். ஆகவே சம்பளத் துண்டுகளுடன் முன்கூட்டியே நேரம் பதிந்து போகச் சொல்லுங்கள்.