குளிர்க்கடலில் கரையிலிருந்து சுழியோடுதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் நிலாவெளியில் சுழியோடக் கற்றுச் சான்றிதழ் பெற்றவன். செப்டெம்பரில் கலிபோர்னியாவிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறேன். மொன்டரேயில் படகே தேவையில்லை, கரையிலிருந்தே இறங்கிப் பாறைகளைப் பார்க்கலாம் என்று அத்தான் சொல்கிறார். புறாத்தீவில் பழகியவனுக்கு அது கடினமாக இருக்குமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: கடினம் என்று சொல்லி உங்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் வெதுவெதுப்பான நீரில் படகிலிருந்து இறங்கிப் பழகிய ஒருவர், மொன்டரேயின் கரையில் நிற்கும்போது தம்மைப் புதிய மாணவராகவே எண்ணிக்கொள்ள வேண்டும். நிலாவெளிக் கடலின் வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். மொன்டரேயில் ஆண்டின் பெரும்பகுதியும் 10 முதல் 15 பாகைதான். மார்கழி விடியலில் கொழுந்து மலைக்கு ஏறும் நமக்குக் குளிர் புதிதல்ல என்று தோன்றலாம். காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உடற்சூட்டைக் கவர்ந்து செல்வதால், மலைக்குளிரில் பெற்ற பழக்கம் அங்கே உதவாது. முதலில் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரல்களால் ஒரு கொக்கியைக்கூடச் சரியாகக் கழற்ற முடியாது. அங்குள்ளவர்கள் 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள நியோப்பிரீன் துணியாலான வெட் சூட், தலையுறை, கையுறை ஆகியவற்றோடு இறங்குகிறார்கள். பலர் நீர் புகாத ட்ரை சூட் அணிகிறார்கள். ட்ரை சூட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதால், முதற் பயணத்தில் நீங்கள் வெட் சூட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

தடித்த உடையோடு எடைக் கணக்கும் மாறிவிடும். அந்த நியோப்பிரீன் துணிக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளே சூட்டைக் காக்கின்றன. உங்களை மேலே மிதக்க வைப்பவையும் அவையே. ஆகவே இடுப்பில் ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகி, குமிழிகள் சுருங்கி, உடையின் மிதப்பு குறைந்துவிடுவதால், மேற்பரப்பில் சரியாக இருந்த அதே ஈயம் அங்கே உங்களைக் கீழே இழுக்கத் தொடங்கும்; அப்போது மிதவைச் சட்டைக்குள் சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்திச் சமன்செய்ய வேண்டும். மேலேறி வரும்போது நடப்பது இதற்கு நேரெதிர். வழக்கமான அலுமினிய உருளையிலிருந்து நீங்கள் சுவாசித்து முடிக்கும் காற்றின் நிறையே சுமார் இரண்டு கிலோகிராம் என்பதால், முடிவில் உருளையும் இலேசாகிவிடும். எனவே உங்களுக்கு எவ்வளவு ஈயம் வேண்டும் என்பதை, உருளையில் 50 பார் அமுக்கத்துக்குக் காற்று எஞ்சியிருக்கும்போது, ஆழமற்ற நீரில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நிலாவெளியில் கட்டிய கணக்கை அங்கே கொண்டு போகாதீர்கள்.

இனிக் கரைக்கு வருவோம். என் அனுபவத்தில் குளிர்க்கடற் சுழியோடலின் பாதிக்கு மேற்பட்ட திறமை, நீருக்குள் கால் வைப்பதற்கு முன்பே தேவைப்படுகிறது. அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சில நிமிடங்கள் அமைதியாக இருக்கும் கடலில் திடீரெனப் பெரிய அலைகள் கூட்டமாக எழும். ஆகவே உடையை மாட்டுவதற்கு முன் கால் மணி நேரமாவது நின்று கடலைப் பார்க்க வேண்டும். எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது, அந்த இடத்தில் அலை பெருகினால் மாற்று வழி எது என்பவற்றைத் துணைச் சுழியோடியுடன் பேசி முடிவுசெய்த பின்பே பொருள்களைத் தூக்க வேண்டும். அலை உடைகிற இடத்தைக் கடக்கும்போது முகக்கண்ணாடி முகத்திலும், உருளையிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயிலும் இருக்க வேண்டும். மிதவைச் சட்டையில் சிறிது காற்று இருக்க வேண்டும். நின்று யோசிப்பதற்கு மிகவும் மோசமான இடம் முழங்காலளவு நீர்தான். கரையேறும்போது அலை தள்ளினால், எழுந்து நிற்கப் போராடாமல், ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து மேலேறுங்கள்.

முதல் நாளுக்கு மொன்டரே நகரின் அலைதடுப்புச் சுவரை ஒட்டிய சான் கார்லோஸ் கடற்கரை ஏற்றது; சுவர் அலையைத் தணிப்பதால் பயிற்சி வகுப்புகளும் அங்கேயே நடக்கின்றன. கார்மேல் நகருக்குத் தெற்கேயுள்ள மொனாஸ்டரி கடற்கரைக்கு, அத்தான் எவ்வளவு அழைத்தாலும் முதற் பயணத்தில் போக வேண்டாம். செங்குத்தாகச் சரியும் பருமணலும், கரைக்கு மிக அருகிலேயே தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கும் அங்கே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன.

நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். வசந்த காலத்தில் வடமேற்குக் காற்று கரையோரமாக வீச, புவியின் சுழற்சியினால் மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகிச் செல்ல, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அந்தச் சத்தில் மிதவையுயிரிகள் பெருகிக் கடல் பச்சையாகக் கலங்கிவிடும். செப்டெம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் பெரும்பாலும் நீர் தெளிந்திருக்கும்.

கேள்வி: அங்கே கடலுக்கடியில் பெரிய காடே இருப்பதாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்தக் கொடிகளில் கால் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: நீங்கள் பார்த்தது இராட்சதக் கெல்ப் எனப்படும் கடற்பாசி. நல்ல சூழலில் ஒரே நாளில் 30 சென்ரிமீற்றருக்கும் மேல் வளரக்கூடியது. ஒவ்வோர் இலையின் அடியிலும் உள்ள சிறு வாயுப்பை அதை நிமிர்த்தி நிறுத்துகிறது. சத்தை இலைகளே நீரிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொள்வதால், அடியில் பாறையைப் பற்றியிருப்பது வேரல்ல, பிடிப்பு மட்டுமே. அந்தப் பிடிப்பின் அருகே விளக்கைக் காட்டிச் சற்று நேரம் அசையாமல் இருந்தால், பின்னிக் கிடக்கும் இழைகளுக்கிடையில் நண்டுக் குஞ்சுகளும், மெல்லிய கைகளை நீட்டும், கடல் நட்சத்திரத்தை ஒத்த நொறுங்கு நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். எனக்கு அந்தக் காட்டில் மிகவும் பிடித்த இடம் அதுவே.

சிக்கிக்கொண்டால் இழுக்கக் கூடாது. சுழன்று திரும்பவும் கூடாது. கெல்ப் தண்டை இழுத்தால் அறாது, ஆனால் இரண்டாக மடித்தால் போஞ்சிக்காய் ஒடிவது போல ஒடிந்துவிடும். பெரும்பாலும் சிக்குவது காலல்ல, முதுகிலுள்ள உருளையின் வால்வுதான். அதை விடுவிக்கத் துணைச் சுழியோடிக்குக் கை காட்டினால் போதும். கீழே தண்டுகளுக்கிடையில் நீந்துவது எளிது. மேற்பரப்பில் இலைகள் பாய் விரித்தது போல் அடர்ந்து கிடப்பதால், காற்றைத் தீர்த்துவிட்டு அங்கே எழுந்தவர்தான் திணறுவார். ஆகவே மூன்றில் ஒரு பங்கு காற்று முடிந்ததும் திரும்பி, திசைகாட்டியைப் பார்த்து, கெல்ப்புக்கு அடியாலேயே கரைப்பக்கம் வந்து சேருங்கள்.

கேள்வி: மொன்டரே கடல் சரணாலயம் என்கிறார்கள். அப்படியானால் அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லையா? சரணாலயத்தினால் உண்மையில் பயன் உண்டா?
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: மீன் பிடிக்கிறார்கள். மொன்டரே வளைகுடா தேசிய கடல் சரணாலயம் 1992இல் அறிவிக்கப்பட்டது. நம் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் சரணாலயமும் அதே ஆண்டைச் சேர்ந்தது. மொன்டரேயில் எண்ணெய் எடுத்தல், கழிவு கொட்டுதல், கடலடியைக் குடைதல் போன்றவையே சரணாலய விதிகளால் கட்டுப்படுத்தப்படுகின்றன. எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாத பகுதிகள் அதற்குள் தனியாக வரையறுக்கப்பட்டுள்ளன. பொயின்ட் லோபோஸ் அவற்றுள் ஒன்று. 1960இலேயே அதன் கடற்பகுதி பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. அங்கே முன்பதிவு செய்து, சான்றிதழ் காட்டி, துணைச் சுழியோடியுடனேயே இறங்க முடியும். இந்தக் கெடுபிடியை நான் முழுமனதுடன் வரவேற்கிறேன், ஏனெனில் அங்கே வாழும் பாறைமீன்கள் மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழ்பவை. ஒரு முதிய மீனைப் பிடித்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை வேண்டும்.

பயன் உண்டா என்ற கேள்விக்குக் கடல் நீர்நாயின் கதையே பதில் சொல்லும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிந்தே போனதாகக் கருதப்பட்ட அந்த விலங்கின் சிறு கூட்டம் ஒன்று, 1938இல் பிக் சர் கரையோரம் வெளியுலகின் கண்ணில் பட்டது. பாதுகாப்பின் பயனாக இன்று கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3,000 வாழ்கின்றன. 2013இல் பரவத் தொடங்கிய நோய் கடல் நட்சத்திரங்களைக் கொன்றது. 2014 முதல் 2016 வரை கடல் அசாதாரணமாகச் சூடேறியது. அவற்றுக்கு இரையாகும், உடலெங்கும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள், நட்சத்திரங்கள் இல்லாத இடங்களில் பெருகிக் கெல்ப்பைத் தின்று தீர்த்தன. நீர்நாய்கள் இல்லாத வட கலிபோர்னியாவில் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. மொன்டரேயிலும் இழப்பு பெரிதுதான். ஆயினும் எஞ்சிய கெல்ப் திட்டுகளில் இருந்த கொழுத்த முள்ளெலிகளை நீர்நாய்கள் தின்றதால் அந்தத் திட்டுகள் பிழைத்தன. மொட்டைப் பாறைகளில் பட்டினியால் உள்ளீடற்றுக் கிடக்கும் முள்ளெலிகளை அவை சீண்டுவதில்லை. ஆகவே இருக்கும் காட்டைக் காப்பவை அவை, அழிந்த காட்டை மீட்கும் வேலையை அவற்றிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

கேள்வி: திருகோணமலையில் காலையில் சுழியோடிவிட்டு, அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: கூடாது. மலையகத்திலிருந்து இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். ஆழத்தில் சுவாசித்த நைதரசன் உடலில் கரைந்திருக்கும், மெதுவாகவே வெளியேறும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். விமானத்தில் ஏறுவதும் பஸ்ஸில் ரம்பொடை வளைவுகளில் ஏறுவதும் உடலுக்கு ஒன்றே. கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். 600 மீற்றருக்கு மேல் செல்வதற்கு முன், ஒரே ஒரு முறை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் சுழியோடியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டல். அந்த இரவைத் திருகோணமலையிலோ தம்புள்ளையிலோ கழித்துவிட்டு மறுநாள் ஏறுங்கள். மொன்டரேயில் சுழியோடிவிட்டு, ஏறத்தாழ நுவரெலியாவின் உயரத்திலுள்ள டாஹோ ஏரியைப் பார்க்கப் புறப்படுவோருக்கும் இதே விதிதான். ஹட்டன் வாசகரும் அத்தானிடம் இதைச் சொல்லி வைக்கட்டும்.

ஊர் திரும்பிய பின் மூட்டுவலி, விரல்களில் விறைப்பு, காரணமில்லாத கடும் களைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், அலைச்சலினால் வந்தது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் சென்று, எப்போது, எவ்வளவு ஆழத்தில் சுழியோடினீர்கள், எத்தனை மணிக்கு மலையேறினீர்கள் என்பவற்றை முதலில் சொல்லி, ஒட்சிசன் தருமாறு கேளுங்கள்.