ராய் மெக்லாரன்: அமைச்சரா, வரலாற்றாசிரியரா?

கேள்வி: அரசு, தொழில், எழுத்து என மூன்று துறைகளிலும் இயங்கிய கனடிய அரசியல்வாதி ராய் மெக்லாரன் எதில் ஆழமாகத் தடம் பதித்தார் என்று கருதுகிறீர்கள்?

பதில்: எழுத்தில்தான் என்பது என் துணிபு. 1934-இல் வான்கூவரில் பிறந்த அவர், 1969 வரை வெளியுறவுப் பணியில் இருந்தார். பிறகு வேளாண் இயந்திரங்கள் செய்யும் மாசி ஃபெர்குசன் நிறுவனத்திலும், ஓகில்வி அண்ட் மாதர் விளம்பர நிறுவனத்தின் கனடியக் கிளையிலும் பொறுப்பு வகித்து, 'கனடியன் பிசினஸ்' இதழை வெளியிட்டார். 1979-இல் லிபரல் கட்சி சார்பில் இடோபிகோ வடக்குத் தொகுதியில் வென்றார்; 1983-இல் நிதித்துறையின் இணையமைச்சரானார்; 1984-இல் தோற்று, 1988-இல் அதே தொகுதியை மீட்டார்.

அந்த 1988 தேர்தலில் அமெரிக்காவுடனான தடையற்ற வணிக உடன்பாட்டை அவருடைய கட்சியே கடுமையாக எதிர்த்தது. ஆயினும் 1993-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, அத்தகைய வணிகத்தை உளமார ஆதரித்த மெக்லாரனே பன்னாட்டு வணிக அமைச்சரானார். வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடு 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், ஓராண்டு கழித்து உலக வணிக அமைப்பு பிறந்ததும் அவர் பதவிக்காலத்தில்தான். இது சிறிய பணியன்று. எனினும் அதில் பலருடைய கைகள் உண்டு.

நூல்களோ அவருடைய தனி உழைப்பு. 1884-இல் சூடானின் கார்ட்டூமில் முற்றுகையிடப்பட்ட பிரிட்டிஷ் ஜெனரல் கார்டனை மீட்கச் சென்ற படையை நைல் நதியின் பாறை நிறைந்த நீர்ப்பாய்ச்சல்களில் படகேற்றிச் செல்ல, மோஹாக் பழங்குடியினர் உட்பட ஏறத்தாழ 400 கனடியப் படகோட்டிகள் அழைத்துவரப்பட்டனர். பெரிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் அவர்களைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் பிடியிலிருந்த பகுதிகளுக்குள் இறக்கப்பட்ட இரகசியப் படையினரைப் பற்றிய மற்றொரு நூலை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். கியூபெக்கின் பிரெஞ்சு மொழியினரும், யுகோஸ்லாவியாவிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் குடியேறியவர்களும், தங்கள் தாய்மொழியின் பொருட்டே அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சீன வம்சாவளி இளைஞர்களும் இருந்தனர். வாக்குரிமையைக்கூட மறுத்திருந்த ஒரு நாட்டுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதைப் படிக்கையில் மனம் கனக்கிறது.

பதவியும் அவருடைய எழுத்துக்கு உரமாயிற்று. நாடாளுமன்ற நாட்களை நாட்குறிப்பாக 1986-இல் வெளியிட்டார். 1996 முதல் 2000 வரை லண்டனில் கனடாவின் உயர் ஆணையராக (தூதருக்கு இணையான பதவி) இருந்தவர், தமக்கு முன் அப்பொறுப்பை வகித்தவர்களின் வரலாற்றைப் பின்னர் 2006-இல் நூலாக்கினார்.