கடன் வாங்கிக் கலை படிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நான் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங் (அச்சுக்கலை) படித்தவள். ஊர் கும்பகோணம். அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். இப்போது எனக்கு 25 வயது. மூன்று வருடமாக ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன், சம்பளம் 28,000 ரூபாய். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மரப்பலகையில் செதுக்கி அச்செடுக்கும் வுட்கட் செய்கிறேன். உலோகத் தகட்டை ஆசிட்டில் அரித்து அச்செடுக்கும் எச்சிங்தான் எனக்கு உயிர். ஆனால் அச்செடுக்கும் பிரஸ் இல்லாததால் கல்லூரியோடு அது நின்றுவிட்டது. நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளை வைத்துக் கடைசி வருடத்தில் செய்த வரிசைதான் நான் கடைசியாகச் செய்த எச்சிங்.

அமெரிக்காவில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் இரண்டு வருட எம்.எஃப்.ஏ.வுக்கு (கவின் கலை முதுகலை) இடம் கிடைத்திருக்கிறது. வருடக் கட்டணம் 52,000 டாலர், அதில் 35 சதவீதம் தள்ளுபடி. வீட்டுப் பத்திரத்தை வைத்தால் 80 லட்சம் கல்விக்கடன் கிடைக்கும் என்று விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜென்சிக்காரர் சொல்கிறார். மீதிக்கு, கல்யாணத்துக்குச் சேர்த்த நகையைத் தருகிறேன் என்கிறார் அம்மா. அப்பா எதுவும் பேசவில்லை. பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

வெளிநாட்டுப் பட்டம் இல்லாவிட்டால் கேலரிகள் திரும்பியே பார்க்காது என்கிறார்கள் நண்பர்கள். இங்கேயே பரோடா, சாந்திநிகேதன் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் பயந்து பின்வாங்கியதாக ஆகிவிடுமா? நேராகச் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

நேராகவே சொல்கிறேன். எம்.எஃப்.ஏ. கட்டாயம் படியுங்கள். முடிந்தால் வெளிநாட்டிலும் படியுங்கள். ஆனால் இந்தக் கடனை வாங்க வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தள்ளுபடி போக வருடத்துக்கு 33,800 டாலர், இரண்டு வருடத்துக்கு 67,600. வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு 22,000 டாலர் என்று சிக்கனமாகவே வைத்தாலும் அது ஒரு 44,000. டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்துப் போட்டால்கூட மொத்தம் 95 லட்சத்தைத் தொடுகிறது. செம்புத் தகடு, நல்ல காகிதம், மை, விமான டிக்கெட் எதுவும் இதில் சேரவில்லை. 80 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 15 வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் கிட்டத்தட்ட 91,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருப்பார். அது உண்மைதான், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அந்த வட்டியையும் அசலோடு சேர்த்தால் தவணை இன்னும் ஏறும். உங்களுக்கு 28 வயதில் கட்ட ஆரம்பித்தால் 43 வயதில்தான் முடியும்.

வீட்டில் எல்லோரும் இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். எனக்கு அந்த 15 வருடம்தான் பெரிய கவலை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, பிரஸ் இல்லாததால் எச்சிங் நின்றுவிட்டது என்பது. கலையில் முதுகலை படிக்கப் போகிறவர் தேடிப்போவது அதைத்தான்: இரண்டு வருடம் சாவியோடு ஒரு ஸ்டுடியோ, ஒரு நல்ல பிரஸ், ஆசிட் அறை, வாரா வாரம் உங்கள் வேலையைப் பார்த்து ஒளிக்காமல் கருத்துச் சொல்ல ஏழெட்டுப் பேர். இந்தக் கடன் அந்த இரண்டு வருடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த 15 வருடத்தை எடுத்துக்கொள்ளும். மாதம் 91,000 கட்டுவதற்கு இன்று இருப்பதைவிடப் பெரிய விளம்பர நிறுவனத்தில், இன்னும் நீளமான நாட்கள் வேலை பார்க்க வேண்டும். ராத்திரி வுட்கட் கூட மிஞ்சாது. கலைஞராக ஒருவர் தன் மொழியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முப்பதுகளில்தான். அந்த வருடங்களை அடகு வைக்கச் சொல்கிறார் ஏஜென்சிக்காரர்.

அமெரிக்காவிலேயே சம்பாதித்து அடைத்துவிடலாமே என்று தோன்றும். மாணவர் விசாவில் போகிறவர் படிப்பு முடிந்து 12 மாதம் அங்கே வேலை செய்யலாம். கணினி, பொறியியல் படித்தவர்களுக்கு அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஓவியம், சிற்பம், பிரிண்ட்மேக்கிங் அந்தப் பட்டியலில் வராது. உங்கள் தெருவில் எம்.எஸ். படித்துவிட்டுக் கடனை அடைத்த பையன் இருப்பான். அவனுடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கல்லூரியில் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அங்கே எம்.எஃப்.ஏ.தான் அந்தத் துறையின் உச்சப் பட்டம், தகுதி வந்துவிடும். ஆனால் வருடா வருடம் வெளியே வரும் பட்டதாரிகளுக்கு ஈடாக முழுநேர இடங்கள் இல்லை. மீதிப் பேர் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகச் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர்களாக ஓடுகிறார்கள். அந்த வேலையை வைத்து ஒரு வெளிநாட்டவர் அங்கே தங்குவது மிகக் கடினம்.

பெரிய பெயர் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்றும் இல்லை. 2015இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் எம்.எஃப்.ஏ. முதல் வருட மாணவர்கள் ஏழு பேரும் ஒன்றாக வெளியேறினார்கள். சேரும்போது சொன்ன நிதியுதவியையும் பாடத்திட்டத்தையும் மாற்றிவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விஷுவல் ஆர்ட்ஸ் மாணவர்கள், ஸ்டுடியோக்கள் இருக்கும் நிலையைக் காட்டி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1871இல் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2022இல் மூடப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 ஜூன் மாதம் சில நாள் அவகாசத்தில் கதவைச் சாத்தியது. அந்தக் கல்லூரிகளில் கடன் வாங்கிச் சேர்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, வெளிநாட்டுப் பட்டம் இல்லாவிட்டால் மதிப்பில்லை என்கிறார்களே, அதற்கு வருகிறேன். நீங்கள் பிரிண்ட்மேக்கர் என்பதால் கிருஷ்ணா ரெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூர்ப் பக்கத்து கிராமத்தில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். அப்புறம் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவில் கலைப்பிரிவைப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் லண்டனின் ஸ்லேடு கலைப்பள்ளி, பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் அட்லியே 17இல் சேர்ந்தார். அது பட்டம் கொடுக்கும் கல்லூரி கிடையாது. பல நாட்டுக் கலைஞர்கள் ஒரே பிரஸ்ஸைச் சுற்றி நின்று, ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்ட பட்டறை. எண்ணெய்ப் பிசுபிசுப்பு வேறுபடும் மைகளை வைத்து ஒரே தகட்டில் பல நிறங்களை அச்சிடும் விஸ்காசிட்டி முறை அங்கேதான் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ரெட்டி முக்கியமானவர். பின்னால் அந்தப் பட்டறையின் இணை இயக்குநரும் ஆனார். உலகம் முழுக்க எச்சிங் அறைகளில் அவர் பெயர் சொல்லப்படுகிறது. அவரைப் போன்றவர்களை உருவாக்கிய இடங்களில் ஒன்றான சாந்திநிகேதனுக்கு விண்ணப்பிப்பதைப் போய்ப் பின்வாங்கல் என்று கேட்கிறீர்கள்.

நமக்குத் தெரிந்த பெரிய பெயர்கள் வெளிநாடு போன விதத்தையும் கவனியுங்கள். கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போய், 1944இல் சாந்திநிகேதன் போனவர். லண்டன் ஸ்லேடுக்குப் போகும்போது அவர் பரோடாவில் ஆசிரியர். செலவு பிரிட்டிஷ் கவுன்சிலுடையது. குலாம் முகம்மது ஷேக் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் போனதும் விவான் சுந்தரம் ஸ்லேடு போனதும் காமன்வெல்த் உதவித்தொகையில். பரோடாவின் ஜோதி பட் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க் போய் பிராட் இன்ஸ்டிட்யூட்டில், தகட்டின் பள்ளக் கோடுகளில் மை நிரப்பி அச்செடுக்கும் இன்டாக்லியோவில் ஊறித் திரும்பினார். உங்கள் சென்னை கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த அக்கித்தம் நாராயணன் பிரெஞ்சு அரசின் உதவியில் பாரிஸ் போனார். யாரும் வீட்டை அடகு வைத்துப் போகவில்லை. ஒரு வேலைத்தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து யாரோ கொடுத்த பணத்தில் போனார்கள். இன்றைக்கு அந்த வாசல்களில் சில குறுகிவிட்டன. ஆனாலும் அழைக்கிறவர்தான் செலவு செய்ய வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அப்படிச் செலவு செய்யும் இடங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டிலும் நார்த்வெஸ்டர்னிலும் எம்.எஃப்.ஏ.வுக்கு வருடத்துக்கு ஒரு சிலரைத்தான் எடுப்பார்கள், எடுத்தவர்களுக்குக் கட்டணத்தையும் பார்த்துக்கொண்டு உதவித்தொகையும் தருவார்கள். உங்களுக்கு இன்னும் பொருத்தமானவை மாநிலப் பல்கலைக்கழகங்கள். அயோவாவில் மௌரிசியோ லசான்ஸ்கி 1945இல் தொடங்கிவைத்த பிரிண்ட்மேக்கிங் மரபு இருக்கிறது. விஸ்கான்சின் மேடிசன், டென்னசி இரண்டும் இந்தத் துறையில் பேர் பெற்றவை. இப்படிப்பட்ட இடங்களில் உதவி ஆசிரியராக இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தால் கட்டணம் முழுவதுமோ பெரும்பகுதியோ தள்ளுபடியாகிவிடும், மாதச் செலவுக்கும் வரும். எல்லோருக்கும் கிடைக்காது, போட்டி கடுமை. ஏஜென்சிக்காரர் இவற்றைச் சொல்லாததில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தத் தொழிலில் பல ஏஜென்சிகளுக்கு வருமானமே, ஆள் சேர்த்துவிட்டதற்குக் கல்லூரிகள் தரும் கமிஷன்தான். உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் விண்ணப்பம் போட்டுக்கொடுத்திருந்தால், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஜெர்மனி பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலான அரசுக் கலை அகாடமிகளில் கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும். ஜெர்மன் மொழி வேண்டும், அதற்கே ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். பொறுமை இருந்தால் நல்ல வழி.

இந்தியாவுக்குள் பரோடா, சாந்திநிகேதனின் கலா பவனம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். செய்முறைத் தேர்வு, போர்ட்ஃபோலியோ, நேர்முகம் என்று இருக்கும். கலா பவனத்தில் பிரிண்ட்மேக்கிங்கை வளர்த்தவர் சோம்நாத் ஹோர். 'காயங்கள்' என்ற வரிசையில் மையே இல்லாமல் காகிதக் கூழிலேயே தழும்புகளை எழுப்பிக் காட்டியவர். இங்கெல்லாம் கட்டணம் உங்கள் சேமிப்பில் அடங்கும், இல்லாவிட்டாலும் பத்திரம் வைக்காமல் கிடைக்கும் சிறிய கல்விக்கடனில் முடிந்துவிடும். 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலை முடித்தால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட் எழுதலாம். அதில் முனைவர் ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இன்றைய உங்கள் சம்பளத்தைவிட அதிகம். கேலரிக்காரர்கள் பார்ப்பது சுவரில் மாட்டியிருக்கும் வேலையை. பட்டம் பெற்றுத்தரும் அறிமுகங்களுக்கு மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே இளம் கலைஞர்கள் அறிமுகமாகும் வலைப்பின்னலில் பரோடாவும் சாந்திநிகேதனும் நடுவில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, எச்சிங்கை மீண்டும் தொடங்க அட்மிஷன் வரை காத்திருக்காதீர்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக்கான கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது. வெளிக் கலைஞர்கள் குறைந்த கட்டணத்தில் அங்கே வேலை செய்யலாம். அந்த மையத்தின் செயலாளராக இருந்த ஆர்.எம். பழனியப்பனும் நம் ஊர் பிரிண்ட்மேக்கர்தான். நேரில் போய் இடம் கேளுங்கள். மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் இளம் கலைஞர் உதவித்தொகை தருகிறது. உங்களுக்கு இதுவே கடைசி வருடமாக இருக்கும், அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். அதைத் தாண்டினால் 40 வயது வரை மாதம் 10,000 ரூபாய் ஜூனியர் ஃபெல்லோஷிப் இருக்கிறது. தாமதமாகிவிடுமே என்று நீங்கள் பயந்தால் அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கையில் இருக்கும் அமெரிக்க இடத்தை உடனே தூக்கிப்போட வேண்டாம். கல்லூரிக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், ஏஜென்சி வழியாக வேண்டாம். இந்தத் தொகையில் என்னால் சேர முடியாது, கூடுதல் உதவியோ உதவி ஆசிரியர் பணியோ உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதால் இடம் போய்விடாது, சில சமயம் தள்ளுபடி கூடும். ஒரு வருடம் தள்ளிச் சேரலாமா என்றும் கேளுங்கள். இரண்டாம் வருடமும் அதே உதவி தொடரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இப்போது படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் இரண்டு பேரோடு பேச வழி செய்யச் சொல்லுங்கள். அவர்களிடம் பிரஸ் எத்தனை பேருக்கு ஒன்று, போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். முழுக் கட்டணமும் தள்ளுபடியாகிற நிலைமை வந்தால் எனக்கு எழுதுங்கள், நான் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். அதுவரை அப்பாவிடம் பத்திரத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். நகையும் அப்படியே இருக்கட்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அடுத்த சுற்று விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். 15இலிருந்து 20 படங்கள் கேட்பார்கள். விளம்பர நிறுவன வேலை ஒன்றுகூட அதில் வேண்டாம். விளக்குப் பட்டறை வரிசையை முதலில் வையுங்கள். உலோகம் உருக்கும் பட்டறையை உலோகத் தகட்டிலேயே, ஆசிட் அரித்த கோட்டில் காட்டுகிற வேலை அது. பாத்திரக்கடையில் வளர்ந்தவளுக்கு அந்தப் பொருளோடு இருக்கும் உறவை, விண்ணப்பத்தோடு கேட்கும் ஸ்டேட்மெண்டில் இரண்டு பத்தியில், கோட்பாட்டுச் சொற்கள் இல்லாமல் எழுதுங்கள். ஆனால் அந்தத் தகடுகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. கிரீம்ஸ் சாலையில் இடம் கிடைத்து புதிதாக ஐந்தாறு தகடு போட்டதும் அச்சுகளைப் படமெடுத்து அனுப்புங்கள், எதை வைக்கலாம், எதை விடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா