600 மி.மீ.யில் மங்கல்: லென்ஸைக் குறை சொல்லும் முன்

கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 600 மி.மீ. லென்ஸ், 1/400 நொடி, எஃப் 6.3 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 200 (ஒளி உணர்திறன்). நடுப்பகலில் குளத்தின் அக்கரைக் கிளை நிழலில் மீன்கொத்தி, எல்லாப் படமும் மங்கல் என்கிறீர்கள். சர்வீஸுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள்.

1/400 போதாது. 1.5 மடங்கு கிராப்பில் 600 மி.மீ. என்பது 900 மி.மீ. பார்வை, சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவை தலையைத் திருப்புவதை அல்ல. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1600 வையுங்கள். வெளிச்சம் குறைவதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ 800 ஆகும். துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் 1250. ஐஎஸ்ஓ ஏறினால் வரும் நாய்ஸை (புள்ளி புள்ளியான சிதறலை) பிறகு குறைக்கலாம், அசைவு மங்கலைச் சரிசெய்வது கடினம்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் வெயிலில் சூடான காற்று நெளிவதன்மேல்தான். தொடர்ச்சியாக எடுத்த 10 படங்களை 100 சதவீதத்தில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இறகு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால், கோளாறு இடையிலுள்ள காற்றில். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. விடியற்காலையில் போங்கள், இன்னும் கிட்டே போங்கள்.

லென்ஸைச் சோதிக்க: காலையில் 10 மீட்டரில் அச்சடித்த தாள், முக்காலி, ஸ்டெபிலைசர் ஆஃப், 10 நொடி டைமர். முன்னால் மலிவான யூவி ஃபில்டர் இருந்தால் முதலில் கழற்றுங்கள். தானியங்கி ஃபோகஸில் மங்கலாகவும், லைவ் வியூவில் (கேமராத் திரையில்) பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்தால் கூர்மையாகவும் வந்தால் மட்டும் ஃபோகஸ் கேலிப்ரேஷன் (தானியங்கி ஃபோகஸின் பிழையைத் திருத்துவது) பக்கம் பாருங்கள்.