கப்பல் விபத்தை யார், எப்படி விசாரிக்கிறார்கள்? கேள்வி பதில்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பாலத்தில் மோதிய டாலி என்ற சரக்குக் கப்பலைப் பற்றி நான் பேசியதையொட்டி வந்த கேள்விகள் இவை. கப்பல் இயந்திர அறையிலும் பின்னர் விபத்து விசாரணைக் குழுக்களிலும் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கப்பல் ஒரு நாட்டுக் கொடியில் ஓடுகிறது, விபத்து வேறொரு நாட்டில். யார் விசாரிப்பார்கள்?

கப்பல் மூழ்கினாலோ, உயிர் போனாலோ, கடல் பெரிதாக மாசுபட்டாலோ கொடி நாடு, அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாடு, விசாரித்தே ஆக வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி இது. 2010 முதல் கட்டாயம். எந்தக் கரையில் நடந்ததோ அந்த நாடும் விசாரிக்கலாம். டாலி சிங்கப்பூர்க் கொடிக் கப்பல், கொழும்புக்குப் புறப்பட்டது, 21 மாலுமிகளில் ஒருவர் இலங்கையர், மற்றவர்கள் இந்தியர்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் விசாரித்தது, சிங்கப்பூரும் விசாரித்தது.

டாலியில் காரணத்தை எப்படிப் பிடித்தார்கள்?

2024 மார்ச் 26, அதிகாலை 1.25 மணிக்கு மின்சாரம் போய்க் கப்பல் இருண்டது. சுமார் நான்கு நிமிடங்களில் பாலத்தின் தூணில் மோதியது. சாலைப் பணியாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். துறைமுகத்திலிருந்து வழிகாட்டக் கப்பலில் ஏறியிருந்த பைலட் உடனே எச்சரித்ததால் போலீஸார் வாகனங்களை நிறுத்த முடிந்தது. இல்லையென்றால் இன்னும் பலர் போயிருப்பார்கள்.

அந்தக் கப்பலில் ஆயிரக்கணக்கான மின் இணைப்புகள். அவற்றில் ஒரே ஒரு கம்பி. அடையாள எண் பொறித்த சிறு பட்டை கம்பியின் முனையருகே மாட்டியிருந்தது. அது தடுத்ததால் முனை இணைப்பானுக்குள் முழுதாக இறங்கவில்லை. தொடர்பு விட்டுப்போனதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்தது. மின்சாரம் மீண்டு வந்தது, மறுபடியும் போனது. இரண்டாவது முறைக்குக் காரணம் வேறு: தானாக மறுபடி ஓடத் தொடங்காத ஒரு பம்பை ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் அனுப்பப் பயன்படுத்தியிருந்தார்கள். இதையெல்லாம் கண்டறிந்து வாரியம் முடிவை அறிவித்தபோது 2025 நவம்பர் ஆகிவிட்டது. "ஏன் இத்தனை தாமதம்?" என்று கேட்ட நால்வருக்கும் இதுதான் பதில்.

விமானத்தைப் போலக் கப்பலிலும் கறுப்புப் பெட்டி உண்டா?

உண்டு, வி.டி.ஆர். (பயணத் தகவல் பதிவுக் கருவி) என்போம். 2015 அக்டோபர் 1 அன்று எல் ஃபாரோ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் புயலில் மூழ்கி 33 பேரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சுமார் 15,000 அடி ஆழத்திலிருந்து அதன் பதிவை எடுத்தார்கள். 26 மணி நேரப் பேச்சு. பாதையை மாற்றலாம் என்று அதிகாரிகள் இரவில் கேப்டனை அழைத்துச் சொன்னதும், அவர் பழைய வானிலைத் தகவலை நம்பியிருந்ததும் அதிலிருந்துதான் தெரிந்தன.

ஒன்றை மறக்காதீர்கள்: மோதல் நடந்தவுடன் சேமிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய கருவிகள் 12 மணி நேரத்துக்குப் பிறகு பழையதை அழித்து எழுதிவிடும். ஒரு சரக்குக் கப்பலில் நாங்கள் ஏறிக் கேட்டபோது, கோப்பை கழுவும் சத்தமும் எங்களை எங்கே உட்காரவைப்பது என்ற பேச்சும்தான் இருந்தன. மோதலைக் காணோம்.

தண்டனை தராத விசாரணை எதற்கு ஐயா? கண்துடைப்புதானே?

இல்லை. இந்த விசாரணை காரணத்தைக் கண்டு அடுத்த விபத்தைத் தடுக்கத்தான். 1987 மார்ச் 6 அன்று ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் முன்கதவைத் திறந்தபடியே பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் தூங்கிவிட்டார். அவரைத் தண்டித்து விசாரணையை மூடியிருந்தால்? கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கு வேண்டுமென்று கேப்டன்கள் முன்பே கேட்டதும், நிர்வாகம் மறுத்ததும் விசாரணையில் வெளிவந்தன. அதன்பின், 1989இல், பிரிட்டன் கடல் விபத்து விசாரணைக்கென்றே தனி அமைப்பை உருவாக்கியது.

அப்படியானால் நிர்வாகத்தையாவது தண்டிக்க வேண்டாமா?

வேண்டும். அது நீதிமன்றத்தின் வேலை. இரண்டையும் ஒருவரே செய்தால் எந்த மாலுமி உண்மை சொல்வான்? அமெரிக்க வாரியத்தின் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாக வைக்கச் சட்டமே தடை சொல்கிறது.

டாலி மாலுமிகளின் செல்பேசிகளைப் பறித்தார்களே! பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? (முன்னாள் மாலுமி)

உங்கள் கோபம் நியாயமானது. பறித்தது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.; அது குற்ற விசாரணை. ஆனால் வாரக்கணக்கில் கப்பலிலேயே இருந்த பையனுக்கு, எதிரே கோட்டு அணிந்து நிற்பவர் எந்த விசாரணைக்காரர் என்று எப்படித் தெரியும்? முதல் கேள்விக்கு முன்பே அதை அவன் மொழியில் சொல்ல வேண்டும். நான் பேட்டி எடுத்த ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

டாலி கேப்டனுக்கு என்ன தண்டனை?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. தண்டனை பற்றி மேலே சொன்ன இரண்டு பதில்களைப் படியுங்கள்.

அண்ணனின் படகைக் கப்பல் இடித்துவிட்டது. நஷ்டஈடு?

கடலோரப் பாதுகாப்புக் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். நஷ்டஈட்டுக்குக் கடல்சார் வழக்கறிஞரைப் பாருங்கள். உடைந்த பலகையில் கப்பலின் பெயின்ட் ஒட்டியிருக்கும், கழுவிவிடாதீர்கள்.

நான் கேடட் (பயிற்சி மாலுமி). விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும், ஐயா?

முதலில் உயிர்கள், தம்பி. அடுத்து சேமிப்புப் பொத்தான். யாரும் அழுத்தவில்லையென்றால் கேப்டனுக்கு நினைவூட்டு. பிறகு, மற்றவர்களோடு பேசுவதற்கு முன், நீ கண்டதை உன் கையால் எழுதிவை. சுவர்க் கடிகாரம், ரேடார், இயந்திர அறைக் கணினி மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டாது. ஒவ்வொன்றையும் உன் கைக்கடிகாரத்தோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்.