ஸ்கொட்லாந்தின் ஏடுகள் – கடிதமும் பதிலும்

அன்பின் ஆசிரியருக்கு,

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பேராதனையில் வரலாறு படித்துவிட்டு இப்போது பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்கள் டன்கெல்ட், பல்மோரல், டன்சினன், ஹோலிரூட், எடின்பரோ. இந்தப் பெயர்களைக் கொண்டுவந்த துரைமார் எப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்தார்கள், அங்கே ஏழைகளாக இருந்தவர்கள் யார், அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று அறிய நீண்ட நாள் ஆசை. துரைமார் எங்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். அவர்கள் விட்டுவந்த சமூகத்தைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை.

ஸ்கொட்லாந்தின் சமூக வரலாற்றுக்கான கருத்தரங்குகள், புலமைப்பரிசில்கள் பற்றிய அறிவித்தல்களை இப்போது கவனித்து வருகிறேன். எல்லாமே அங்கே இருப்பவர்களுக்கானவை போலத் தெரிகின்றன. முனைவர் பட்டமோ பயணத்துக்குப் பணமோ இல்லாத ஒருவர் எங்கிருந்து தொடங்குவது? அந்த நாட்டைச் சேராதவர் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? இன்னொன்று, ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன். சபையில் பேசத்தான் தயக்கம்.

ர., ஹட்டன்

அன்புள்ள ர.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு உறுதியான பதில் இருக்கிறது. ஏற்றுக்கொள்வார்கள். ஸ்கொட்லாந்தின் சமூக வரலாற்றுத் துறையை வளர்த்தவர்களில் வெளியிலிருந்து வந்தவர்கள் பலர். 1969இல் ஸ்கொட்லாந்து மக்களின் வரலாற்றை விரிவாக எழுதி அந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட டி. சி. ஸ்மவுட் இங்கிலாந்தில் பிறந்தவர். பிற்காலத்தில் ஸ்கொட்லாந்தின் அரச வரலாற்றாசிரியர் பதவியும் அவருக்குத்தான் வந்தது. ரொசலிண்ட் மிச்சிசனும் இங்கிலாந்துக்காரர். அவரோடு சேர்ந்து உழைத்த லியா லெனமன் அமெரிக்காவில் பிறந்தவர். இந்த இரண்டு பெண்களும் பாரிஷ் பாரிஷாக, அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உரிய ஊர்ப்பிரிவாக, தேவாலய ஏடுகளைப் படித்து, 1660 முதல் 1780 வரை திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெற்ற பெண்களை ஊர் எப்படி நடத்தியது என்று எழுதினார்கள். இன்று விமன்ஸ் ஹிஸ்டரி ஸ்கொட்லாந்து என்ற அமைப்பு லெனமன் பெயரிலேயே கட்டுரைப் பரிசு வழங்குகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கருத்தரங்கு அறிவித்தல்களைச் சில மாதம் ஒதுக்கி வையுங்கள் என்பேன். மேடை ஏறுவதற்கு முன் கையில் ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளை ஹட்டனில் இருந்தபடியே தேடலாம்.

லெனமனும் மிச்சிசனும் படித்தது கிர்க் செஷன் ஏடுகளை. ஒவ்வொரு பாரிஷிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த சபைதான் கிர்க் செஷன். ஊரின் ஒழுக்கத்தையும் ஏழைகளின் பிழைப்பையும் அதுவே பார்த்துக்கொண்டது. ஓய்வுநாளில் வேலை செய்தவர், குடித்துச் சண்டை போட்டவர், மணமாகாமல் கருவுற்றவர் எல்லோரும் அதன் முன்னால் நிற்க வேண்டும். குற்றம் உறுதியானால் ஞாயிறுதோறும் வழிபாட்டுக்கு வந்த எல்லோருக்கும் எதிரே தண்டனை இருக்கையில் அமர வேண்டும். கவிஞர் ராபர்ட் பேர்ன்ஸ்கூட 1786இல் மாக்லின் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் நின்று கண்டிக்கப்பட்டவர்தான். பிள்ளையின் தகப்பன் பெயரைச் சொல்ல மறுத்த பெண்ணிடம், பிரசவ வலியின் நடுவே மருத்துவிச்சியை விட்டுக் கேட்கச் செய்ததும் உண்டு. அதே சபைதான் காணிக்கைப் பெட்டியிலிருந்து கைம்பெண்களுக்குச் சில்லறை கொடுத்தது, அநாதைப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கியது, சவத்தின்மேல் போர்த்தும் துணியை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்குச் சேர்த்தது. 1845இல் புதிய ஏழைகள் சட்டம் வரும்வரை ஒரு கிழவி பட்டினி கிடப்பதும் கிடக்காததும் பெரும்பாலும் இந்தச் சபையின் கையில் இருந்தது. ஏட்டை எழுதியவர் பல இடங்களில் ஊர்ப் பள்ளி ஆசிரியர். விசாரிக்கப்பட்டவள் ஒருநாளும் பேனாவைப் பிடித்ததில்லை.

இந்த ஏடுகளின் படிமங்களை ஸ்கொட்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் 2021 முதல் ஸ்கொட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையத்தளத்தில் ஏற்றி வருகிறது. பக்கம் பக்கமாகப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, தரவிறக்கினால்தான் காசு. இருபது வருடங்களுக்கு முன் இவற்றை வாசிக்க எடின்பரோவுக்குப் போய் நாள்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. உங்களைப் போன்ற ஒருவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பை எந்த நிறுவனமும் அறிவிக்கப் போவதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு பாரிஷைப் பிடியுங்கள். ஒன்றே ஒன்று போதும். என்னைக் கேட்டால் கின்கார்டின்ஷயரில் உள்ள ஃபோர்டூனைச் சொல்வேன். 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஊர்ப்பக்கம் அது. வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். 1852இல் பதினாறு வயதுப் பையனாக, ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளத்தில் சின்னத் துரையாக இலங்கைக்கு வந்தவர். அவர் தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் கடிதங்களைப் பலர் படித்தாயிற்று. அவற்றைப் பிரித்துப் படித்த வீட்டின் அயலைப் படிப்பதுதான் உங்கள் வேலையாக இருக்கட்டும்: பக்கத்துப் பண்ணைகளில் கூலிக்கு இருந்தவர்கள், நவம்பரிலும் மே மாதத்திலும் ஆள் பிடிக்கும் சந்தைகளில் ஆறு மாத ஒப்பந்தத்துக்குத் தங்களைக் கொடுத்த பண்ணையாட்கள், பாரிஷ் உதவிப் பட்டியலில் இருந்த கைம்பெண்கள்.

ஃபோர்டூன் போதகர் தம் ஊரைப் பற்றி எழுதிய அறிக்கையை ஸ்கொட்லாந்து ஸ்டாட்டிஸ்டிக்கல் அக்கவுண்ட் என்ற ஊர்வாரி விவரத் தொகுப்பில், பழையதிலும் புதியதிலும், வாசிக்கலாம். சர் ஜான் சின்க்ளேயர் நாட்டின் எல்லாப் போதகர்களுக்கும் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்டது பழையது. 1834 முதல் 1845 வரை வந்தது புதியது. கூலி எவ்வளவு, ஏழைகள் எத்தனை பேர், பள்ளிக்கு யார் போகிறார்கள் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அரை நூற்றாண்டில் ஊர் என்ன ஆனது என்று தெரியும். கூடவே தேசிய நூலகத்தின் வரைபடங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அவை இலவசம். 1841 முதலான குடிக்கணக்கெடுப்பும் 1855 முதலான பிறப்பு இறப்புப் பதிவுகளும் கட்டணத்துக்கு உரியவை, தேவைப்படும்போது மட்டும் வாங்குங்கள். 1855ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மற்றப் பிள்ளைகள் என்று அந்த ஒரு வருடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். வேலை தாங்காமல் அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பழைய ஏடுகளில் வரும் ஸ்கொட்ஸ் பவுண் ஆங்கிலேயப் பவுணில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், அபராதத் தொகையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 1700க்கு முந்தைய கையெழுத்து கண்ணைக் கட்டும். அதைப் பழக ஸ்கொட்டிஷ் ஹேண்ட்ரைட்டிங் என்ற இலவசப் பாடங்களை ஆவணக் காப்பகமே இணையத்தில் வைத்திருக்கிறது. விளங்காத சொற்களுக்கு ஸ்கொட்ஸ் மொழி அகராதியும் இணையத்தில் உண்டு. நீங்கள் 1790க்குப் பிறகு தொடங்கினால் இந்தச் சிரமம் பெரிதாக இராது.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தோட்டத்தில் பிறந்ததைக் குறையாக எண்ண வேண்டாம். இந்த ஏடுகளைப் படிக்க அதைவிட நல்ல தகுதி எனக்குத் தெரியவில்லை. உங்கள் முன்னோர் வரலாற்றில் தென்படுவது துரையின் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில், கங்காணியின் கணக்கில். எழுதியவனின் கையைத் தாண்டி எழுதப்பட்டவளைத் தேடும் பழக்கம் உங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கும். ஃபோர்டூன் ஏட்டில் ஒரு பண்ணைப் பெண்ணைத் தேடுவதும் அதே வேலைதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பாரிஷை விட்டு இன்னொன்றுக்கு வேலை தேடிப் போகும் ஆள், பழைய ஊர்ப் போதகரிடம் சான்றுக் கடிதம் வாங்கிப் போக வேண்டும். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இங்கே இருந்தார், அவர்மேல் எந்தப் பழியும் இல்லை என்று அதில் இருக்கும். அது இல்லாமல் போனவரைப் புதிய ஊர் சபை கூப்பிட்டு விசாரிக்கும். நிலக்கரிச் சுரங்கங்களில் இது இன்னும் கடுமை. 1606இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் போட்ட சட்டப்படி, பழைய முதலாளியின் சான்று இல்லாத சுரங்கத் தொழிலாளியையும் உப்பளத் தொழிலாளியையும் யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. ஓடிப்போனவரை ஓர் ஆண்டும் ஒரு நாளும் ஆவதற்குள் முதலாளி திரும்பக் கேட்கலாம். 1775இல் ஒரு சட்டமும் 1799இல் இன்னொன்றும் வந்த பிறகே அவர்கள் முழுதாக விடுபட்டார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் துண்டுச் சீட்டு நினைவுக்கு வந்திருக்கும். கடன் தீர்ந்தது என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் ஒரு குடும்பம் அடுத்த தோட்டத்தில் கால் வைக்க முடியாத நிலை 1921வரை இருந்தது. ஸ்கொட்லாந்து வரலாற்றைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ஆய்வாளருக்கு இந்த மூன்று தாள்களும் ஒன்றாகக் கண்ணில் படுவது அபூர்வம். அதற்காக ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று ஒழுக்கத்தைக் காவல் காத்தது, ஒன்று உழைப்பை, மற்றது கடனை. தோட்டங்களுக்கு வந்த துரைமார் பெரும்பாலும் சுரங்க அடிமைமுறை முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆளின் நடமாட்டத்தை ஒரு தாளில் கட்டி வைத்த மூன்று முறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது மட்டுமே போதிய வேலை.

ஏழைகள் தாங்களே பேசுவதைக் கேட்க வேண்டுமானால் மலைநாட்டு, தீவுக் குடியானவர்களின் நிலையை விசாரித்த 1883இன் நேப்பியர் ஆணைக்குழுவின் சாட்சியத் தொகுதிகளைப் படியுங்கள். தலைவர் நேப்பியர் பிரபு, அதற்கு முன் 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். முதல் அமர்வு ஸ்கை தீவின் பிரேஸில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கேதான் மேய்ச்சல் நிலத்துக்காகக் குடியானவர்கள் பொலிஸாரோடு மோதியிருந்தார்கள். முதலில் எழுந்த அங்கஸ் ஸ்டூவர்ட் என்ற குடியானவர், உண்மையைச் சொன்னால் என்னை நிலத்தைவிட்டு வெளியேற்றமாட்டார்கள் என்று உறுதி தந்தால்தான் பேசுவேன் என்றார். அந்த உறுதியைத் தர ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இல்லை. பண்ணையின் நிர்வாகி முன்வந்து வாக்குக் கொடுத்த பிறகே அவர் வாய் திறந்தார். அந்தச் சாட்சியங்களின் மீது எழுந்ததுதான் 1886இன் குடியானவர் நிலச் சட்டம். துரைக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்கிய ஆட்களைத் தெரிந்த உங்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கருத்தரங்குகள். ஸ்கொட்லாந்துப் பொருளாதார, சமூக வரலாற்றுச் சங்கம், ஸ்கொட்டிஷ் லோக்கல் ஹிஸ்டரி ஃபோரம், ஸ்கொட்டிஷ் ரெக்கோர்ட்ஸ் அசோசியேஷன், ஸ்கொட்லாந்துத் தொழிலாளர் வரலாற்றுச் சங்கம், மேலே சொன்ன பெண்கள் வரலாற்று அமைப்பு, இந்த ஐந்தையும் தொடர்ந்து கவனியுங்கள். உங்களுக்கு முதலில் பொருந்துவது லோக்கல் ஹிஸ்டரி ஃபோரம் என்று நினைக்கிறேன். பட்டம் கேட்காமல் ஊர் வரலாற்றை எழுதுபவர்கள் கூடும் இடம் அது. கொரோனாவுக்குப் பிறகு இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் இணையவழியாகவும் உட்காரலாம். முதலில் கேட்பவராகப் போங்கள்.

கட்டுரைச் சுருக்கம் கேட்கும்போது தோட்டங்களின் வரலாற்றை முழுதாகச் சொல்லத் தொடங்காதீர்கள். எந்தப் பாரிஷ், எந்த ஆண்டுகள், எந்த ஏடு, என்ன கேள்வி என்ற நான்கும் முதல் மூன்று வரிக்குள் வர வேண்டும். ஃபோர்டூன் கிர்க் செஷன் ஏட்டில் 1790க்கும் 1845க்கும் இடையே சான்றுக் கடிதங்கள் யாருக்கு மறுக்கப்பட்டன, அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது நல்ல கேள்வி. அந்த ஆண்டுகளுக்கு ஏடு எஞ்சியிருக்கிறதா என்பதைப் பட்டியலில் உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பாரிஷுக்குப் போங்கள், கேள்வி மாறாது.

பணம் பற்றி. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறைகளுக்கான உயராய்வு நிறுவனமான ஐஏஎஸ்எச் தரும் ஃபெல்லோஷிப்களில் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கானவை உண்டு, அவை பிறகு ஒரு நாளைக்கு. ஸ்ட்ராத்மார்ட்டின் டிரஸ்ட் ஸ்கொட்லாந்து வரலாற்று ஆய்வுக்கு உதவுகிறது. நிபந்தனைகளை நீங்களே வாசித்து, ஐயமிருந்தால் நேரடியாக எழுதிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பட்டம் படிக்க விரும்பினால் கொமன்வெல்த் புலமைப்பரிசில் இலங்கையருக்கு உண்டு. ஹைலண்ட்ஸ் அன்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் தொலைநிலையில் முதுகலை நடத்துகிறது, கட்டணம் நம் கணக்கில் பெரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு கட்டுரையை முடித்து அதைக் கையில் வைத்துக்கொண்டே இவற்றுக்கு விண்ணப்பிப்பேன்.

பேச்சுத் தயக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கூட்டங்களில் எழுதி வைத்த தாளைப் பார்த்து வாசிப்பது வழக்கமானதுதான், யாரும் குறையாக எண்ணமாட்டார்கள். கேள்வி நேரத்தில் புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். அபர்டீன் பக்கத்துப் பேச்சு கிளாஸ்கோக்காரருக்கே சில வேளை பிடிபடுவதில்லை. பாரிஷ் முடிவானதும் எனக்கு எழுதுங்கள். ஏட்டின் முதற்பக்கங்களை இருவரும் சேர்ந்தே வாசித்துப் பார்க்கலாம்.