அரை மணி நேரத்தில் நிற்கும் பழைய டிராக்டர்: பம்பைக் கழற்றும் முன்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம், பூதப்பாண்டி பக்கம் வயல். 1990-களில் வாங்கிய மாஸி 1035 டிராக்டர். கும்பப்பூவுக்கு (இரண்டாம் நெல் பருவம்) தொழி, அதாவது சேற்றுழவு, உழ இறக்கினால் அரை மணி நேரம் ஓடி, திணறி நின்றுவிடுகிறது. ஏர் எடுத்தால் (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றினால்) ஓடும், மறுபடியும் நிற்கும். டீசல் பம்பைக் கழற்றி அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏர் எடுத்ததும் ஓடுகிறது என்றால், பம்புக்கு டீசல் ஒழுங்காக வந்து சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த முறை திணறியதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை இழுத்து எஞ்சின் தெளிந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை சேறு பிடித்து அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திக் கழுவினால் முடிந்தது வேலை.

தெளியவில்லையா? எஞ்சினை நிறுத்தி, ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்புக்கு அனுப்பும் சின்னப் பம்ப்) வரும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசலை விடுங்கள். டேங்க் மேலே இருப்பதால் தானாகவே கம்பி போல விழ வேண்டும். நன்றாக விழுந்து பிறகு நூலாக இளைத்தால், டேங்க் அடியிலுள்ள சல்லடையில் துருவும் கறுத்த வழும்பும் அடைத்திருக்கிறது. ஓட ஓடக் கசடு வந்து அடைக்கும், நின்றதும் விலகும். அரை மணிக் கணக்கு அதனால்தான். அடைப்பை மீறி ஃபீட் பம்ப் உறிஞ்சும்போது பழைய செம்பு வாஷர் வழியாகக் காற்றும் ஏறிவிடும்.

பாட்டிலைக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் டேங்கை முழுக்க வடித்துக் கழுவுங்கள். கன்னிப்பூ (முதல் நெல் பருவம்) உழவு முடிந்து, மழை மாதங்களில் பாதி டேங்கோடு நின்ற வண்டியில் இது சகஜம். கேனில் வரும் மலிவு டீசலை ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பம்புக்கு வழவழப்புக் கிடைக்காமல் உள்ளே தேயும். லிட்டருக்கு மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

பிறகு இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள், ஊதிப் போடாதீர்கள். கழற்றிய இடத்திலெல்லாம் புது செம்பு வாஷர். ஏர் எடுக்கும் வரிசை: ஃபில்டர் தலை, பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, கடைசியாகப் பம்பின் மேலுள்ள கவர்னர் மூடி ஸ்க்ரூ. குமிழ் நின்று சுத்த டீசல் வந்ததும் முறுக்குங்கள். ஃபீட் பம்பின் கை லிவர் பிடிப்பில்லாமல் ஆடினால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதை இயக்கும் கேம் (எஞ்சினுக்குள் சுற்றும் மேடுள்ள தண்டு) மேட்டில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு லிவரை அடியுங்கள். நாசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) நட்டைத் தளர்த்தி, அங்கும் ஏர் எடுக்க எஞ்சினைச் சுற்றும்போது கையைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

உண்மையிலேயே பம்ப் போயிருக்கும் நிலை ஒன்று உண்டு, அதைக் கவனமாக இனம் கண்டுகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது உருளை வடிவ ரோட்டரி பம்ப் என்றால், உள்ளே தேய்ந்தால் சூட்டில் அழுத்தம் கசியும். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். சூடானபின் நிறுத்தினால் ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாது. அப்போது ஏர் ஸ்க்ரூவைத் திறந்தால் குமிழே இல்லாமல் டீசல் பலமாக வரும். எஞ்சின் நின்ற நிலையில், ஈரச் சாக்கைப் பம்பின் மேல் பத்து நிமிடம் போடுங்கள். ஓடும் பம்பின் மேல் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், பிடித்துக்கொள்ளும். சாக்குப் போட்டபின் எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் பம்ப் தேய்ந்தது உறுதி. குமிழ் வந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை, திரும்பவும் டேங்க் பக்கம் போங்கள்.

புது டிராக்டருக்கு மானியம் தரத் திட்டம் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர் பம்பைச் சோதிக்க ஒரு டெஸ்ட் பெஞ்சுக்குத்தான் (பம்பை ஓட்டி அளவு பார்க்கும் இயந்திரம்) அலைய வேண்டும். அந்த அலைச்சலில்தான் "நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று கமிஷன்காரர் வருகிறார். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் பம்பின் தகட்டிலுள்ள எண்ணை போட்டோ எடுத்து, நீங்களே நேரில் கொண்டுபோங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். "டீசலைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், இழுவை வரும்" என்றால் சம்மதிக்காதீர்கள், வருவது கறும்புகைதான். சோதனை அளவு எழுதிய தாளும், பம்பில் சீலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.